உஷார்! தெருவில் நிற்கிற காருக்குத்தான் ஆபத்து

காரை வாசலிலோ தெருவோரத்திலோ நிறுத்துகிறவரா நீங்கள்? அப்படியானால் அடுத்த இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருங்கள். தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின் பின் ஒன்றாக வருகிற காலம் இது. மழை பிடிப்பதற்குள் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும் என்று தெருவுக்கு நாலு வீட்டில் சாரம் கட்டியிருக்கிறார்கள். பண்டிகைக்கு முன்னால் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று இன்னும் நாலு வீட்டில் அவசரம். இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் கார் ஒரு பாவமும் அறியாமல் நின்றுகொண்டிருக்கிறது.

ஓடுகிற வண்டிக்கு அடிபட்டால் அதில் ஓட்டியவர் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். நிற்கிற வண்டிக்கு அடிபடுவதில் உங்கள் பங்கு என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. ஆனால் டிங்கரிங், பெயின்டிங் பில் உங்கள் பெயரில்தான் வரும். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் கிடையாது. சாவியால் கீறிவிட்டுப் போகிற வன்மக்காரர் எங்கோ ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் ‘பக்கத்தில் ஒருத்தர் பொருள் நிற்கிறதே’ என்று அரை நிமிஷம் யோசிக்காதவர்கள். அதனால்தான் எனக்கு அவர்களைக் கண்டால் அதிக பயம். ஆகாதவர் என்றால் நாமே ஜாக்கிரதையாக இருப்போம். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அக்காவிடம் யார் ஜாக்கிரதையாக இருக்கிறோம்?

முதலில் சிமென்ட். பக்கத்து வீட்டு வெளிச்சுவரில் பூச்சு நடக்கிறது. கலவை தெறித்து உங்கள் பானெட்டில் நாலு புள்ளி விழுகிறது. ‘காய்ந்தால் தட்டிவிடலாம்’ என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் மோசம் போகிறோம். ஈர சிமென்ட் கடுமையான காரம். அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். கார் பெயின்ட்டுக்கு மேலே பளபளப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் அடிக்கிற ‘கிளியர் கோட்’ பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. அந்த மெல்லிய தோலைக் காரம் அரிக்க ஆரம்பித்துவிட்டால், பிறகு நீங்கள் சிமென்ட்டை எடுத்தாலும் மங்கலான தழும்பு அங்கேயே நிற்கும். நகத்தாலோ ஸ்கேலாலோ சுரண்டினால் கலவையில் இருக்கிற மணல் தன் பங்குக்குக் கோடு போடும்.

ஆகவே, ஈரமாக இருக்கும்போதே தண்ணீர். நிறையத் தண்ணீர். துணி வேண்டாம், கை வேண்டாம், ஹோஸ் பைப்பால் தள்ளி விடுங்கள். காய்ந்துவிட்டதா? வினிகரில் தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு, தானாக இளகி வருவதை மட்டும் எடுங்கள். பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். வராவிட்டால் கார் டீட்டெயிலிங் செய்கிறவரிடம் கொண்டு போங்கள். வேலை பார்க்கிற ஆள் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு யோசனை சொல்வார்: “சார், கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தொடச்சா போயிடும்.” டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டைச் சொல்கிறார். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அது பெயின்ட்டையும் கெடுக்கும், இரும்பிலும் துரு ஏற்றும்.

சிமென்ட் புள்ளியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத ஒன்று இருக்கிறது: கியூரிங் தண்ணீர். புதுப் பூச்சுக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் காட்டுவார்கள் அல்லவா, அது சுவரில் வழிந்து சொட்டும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பார்த்தால் வெறும் தண்ணீர். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடியிலும் கதவிலும் வெள்ளைக் கோடுகள். வைப்பர் போட்டாலும் போகாது, ஷாம்பூ போட்டாலும் போகாது. பூச்சு முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று காரை மறுபடி அந்தச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். பூச்சு முடிந்த பிறகும் தண்ணீர் காட்டுகிற நாட்கள் முடியும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சிமென்ட்டைவிட மோசமானது கிரில் வேலை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களுக்கு எதனால் கெட்டது என்றே தெரிவதில்லை.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். வெள்ளைக் கார். துடைத்துத் துடைத்துக் குழந்தை மாதிரி வைத்திருப்பார். ஒரு மழைக்குப் பிறகு கார் முழுக்க, இடது பக்கம் அதிகமாக, ஊசிமுனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள். “கடல் காத்து தம்பி, கம்பெனிக்காரன் நல்ல தகடு போடலை” என்று தகட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். சொரசொரப்பு. தகட்டிலிருந்து துரு கிளம்பினால் பெயின்ட் உப்பி, உரிந்து வரும். இது பெயின்ட்டின் மேலே ஒட்டியிருந்தது. மாலையில் எதிரே ஒரு வண்டியின் வெளிச்சம் பட்டபோது அவர் காரின் பக்கத்துக் கண்ணாடியில் நூற்றுக்கணக்கான கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது, துடைத்தால் வரவில்லை. எதிர்வீட்டைப் பார்த்தேன். புத்தம் புது இரும்பு கேட். பட்டறையிலிருந்து கொண்டுவந்து, வாசலிலேயே அளவு பார்த்து, கட்டிங் வீல் வைத்து அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். இரும்பை அறுக்கும்போது பறக்கிற பொறி வெறும் வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு பொறியும் கொதிக்கிற ஓர் இரும்புத் துகள். அது கார் கண்ணாடியில் பட்டால் கண்ணாடியை உருக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். பெயின்ட்டில் பட்டால் மேற்பூச்சுக்குள் பதிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மழையிலோ பனியிலோ நனைந்த பிறகுதான் அந்தத் துகள் துருப்பிடித்துத் தன்னைக் காட்டும். அதற்குள் பட்டறை ஆட்கள் வேறு ஊரில் வேறு கேட் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெயின்ட்டில் பதிந்ததை ஓரளவு காப்பாற்றலாம். ‘அயர்ன் ரிமூவர்’ என்று கடையில் கிடைக்கிற திரவத்தை அடித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்தில் கசிந்து வரும். அப்போது தெரியும் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று. பிறகு பிசைந்த களிமண் மாதிரி இருக்கிற ‘கிளே பார்’ கட்டியால் தேய்த்து எடுக்க வேண்டும். பழகிய ஆள் செய்ய வேண்டிய வேலை. கண்ணாடியில் உருகி உட்கார்ந்ததற்கு மருந்து கிடையாது. துகளைப் பெயர்த்தாலும் குழி நிற்கும். முன்கண்ணாடியில் அப்படி ஆகிவிட்டால் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் ஒவ்வொரு குழியிலும் சிதறிக் கண் கூசும்.

இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டால் உடனே வெளியே வாருங்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. “தம்பி, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, வண்டிய எடுத்துடறேன்” என்று சொன்னால் அநேகமாக எல்லோருமே நிறுத்துவார்கள். வண்டியை எடுக்க முடியாவிட்டால் நடுவில் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது பொறி பறக்கும் திசையை அவர்கள் வீட்டுப் பக்கமே திருப்பச் சொல்லுங்கள். கார் மேல் நைலான் கவரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பொறி அதைத் துளைத்துக்கொண்டு போகும். கம்ப்ரசர் வைத்து கேட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறார்களா? காற்று உங்கள் பக்கம் அடித்தால் அந்தப் பெயின்ட் புகை மாதிரி வந்து உங்கள் காரிலும் படியும். அதற்கும் இதே மருந்துதான்: முன்னாலேயே தெரிந்துகொண்டு வண்டியை நகர்த்துவது.

முன்னாலேயே எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். தெருவில் சாரம் கட்டினாலே மேஸ்திரியிடம் போய் நம்பர் வாங்கிவிடுங்கள். “மேஸ்திரி, நம்ம பக்கத்துச் சுவர் பூச்சு என்னிக்கு வருது? முந்தின நாளே ஒரு போன் போட்டுடுங்க, வண்டிய எடுத்துடறேன்.” இதற்கு முகம் சுளித்த மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்: இந்த இடத்தில் கார் நிற்கிறது, வேலைக்கு முன் சொல்லுங்கள், பக்கச் சுவருக்குப் பச்சை வலை கட்டுங்கள். வாயால் சொன்னது போதாதா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு உதவும் என்று சொல்கிறேன்.

அடுத்தது தீபாவளி.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு வெடிக்க நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்தது. தெருவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். நள்ளிரவுவரை ராக்கெட் ஓய்வதில்லை. பாட்டிலில் வைத்த ராக்கெட் பற்றவைத்ததும் பாட்டில் சாய்ந்துவிடும். பிறகு அது எங்கே போகும் என்று விட்டவருக்கும் தெரியாது. விழுந்த ராக்கெட்டை ‘என்னுடையது’ என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

இங்கே நாமே நல்லதென்று நினைத்துச் செய்கிற ஒரு காரியம் வினையாகிறது. பட்டாசுப் பொறி படக்கூடாது என்று காருக்குக் கவர் போட்டு மூடுகிறோம். கடையில் கிடைக்கிற பெரும்பாலான கவர்கள் பாலியஸ்டர், நைலான். தீப்பொறி பட்டால் உருகும், எரியும், உருகிய பிளாஸ்டிக் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் தகட்டில் விழுகிற பொறி ஒரு சின்னக் கறையோடு அணைந்துவிட வாய்ப்பு உண்டு. கவரில் விழுகிற பொறிக்குத் தின்ன ஒரு கவர் முழுக்க இருக்கிறது. தீபாவளி அன்றைக்குக் கவரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கண்ணாடிகள் நாலும் முழுக்க ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் சருகு சேர்ந்திருக்கும், வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் கைப்பிடி அளவுக்கு வரும். அந்தச் சருகில் ஒரு பொறி விழுந்தால் நெருப்பு நேரே இன்ஜின் பக்கம் இறங்கும். அதைச் சுத்தமாக அள்ளிவிடுங்கள்.

இரவு ஊரிலிருந்தோ கோயிலிலிருந்தோ திரும்பி வருகிறீர்கள். தெரு முழுக்கச் சரவெடிக் காகிதம் மெத்தை மாதிரி கிடக்கிறது. அதன் மேல் காரை நிறுத்தாதீர்கள். ஓடிவந்த காரின் அடியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். வெடிக்காத வெடிகளும் மருந்தும் கலந்த காய்ந்த காகிதம் அதற்குக் கீழே. துடைப்பம் எடுத்து அந்த இடத்தைப் பெருக்கிவிட்டு நிறுத்த ஐந்து நிமிஷம் போதும்.

மறுநாள் காலையில் இன்னொரு அக்கிரமம் நடக்கும். குப்பையைக் கூட்டி, ஒரு காரின் டயரோரமாகக் குவித்து, தீ வைத்துவிட்டு உள்ளே போய் காபி குடிப்பார்கள். அதற்குள் இருக்கிற புஸ்ஸான வெடிகள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். இதைப் பார்த்தால் தயவுசெய்து சும்மா கடந்து போகாதீர்கள், அது யார் காராக இருந்தாலும் சரி.

தீபாவளி இரவில் வாசலில் இரண்டு வாளி தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்திருங்கள். வெளியில் பற்றினால் அணைக்கலாம். இன்ஜினுக்குள்ளிருந்து புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள். திறந்ததும் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு வரும். எல்லோரையும் விலக்கிவிட்டு 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். ஒன்றும் ஆகாமல் தப்பிய காரையும் காலையில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம். மேலே படிந்திருக்கிற பட்டாசு மருந்துத் தூளில் கந்தகமும் வெடியுப்பும் இருக்கின்றன. பனி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கறையாகப் பிடிக்கும். உலரத் துடைத்தால் கோடு விழும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாடித் தோட்டத்துத் தண்ணீரும் டேங்க் நிரம்பி வழிகிற போர் தண்ணீரும் உப்புத் தண்ணீர். தினமும் ஒரே இடத்தில் சொட்டினால் கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கறை பிடிக்கும், நாள்பட்டால் போகாது. பக்கத்து வீட்டுத் தென்னையில் மட்டை காய்ந்து தொங்கினால், காற்று மழைக்கு முன்பே ஆள் விட்டு இறக்கச் சொல்லுங்கள். தேங்காய் விழுந்தால் கூரைத் தகடு குழியும், முன்கண்ணாடி நொறுங்கும். தெருமுனையில் சாப்பாட்டுக் கழிவைக் கொட்டுகிற கடை இருந்தால் பெருச்சாளி வரும். வந்தால் இரவில் உங்கள் இன்ஜின் சூட்டில் வந்து படுக்கும், ஒயரைக் கடிக்கும். டேஷ்போர்டில் காரணமில்லாமல் விளக்கு எரிந்தால் முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். கழிவைப் பற்றி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ புகார் கொடுங்கள். ஒரு ஒயரிங் செட் மாற்றுகிற செலவு சின்னதல்ல.

மழை வந்துவிட்டால் வேறு வகைத் தொல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஒரு பெரிய வண்டி வேகமாகப் போனால் அலை எழும்பும். அதுவரை கதவு விளிம்போடு நின்ற தண்ணீர் அந்த அலையில் உள்ளே ஏறும், இன்ஜின் காற்று இழுக்கிற வழிவரைகூடப் போகும். அப்படி நனைந்த காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் ஆன இன்ஜின் சேதத்துக்கு, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தாலொழிய, இன்சூரன்ஸில் பணம் கிடைப்பது கடினம். தண்ணீரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெதுவாகப் போங்கள். உங்கள் வண்டி உயரமாக இருக்கலாம், பக்கத்தில் நிற்கிறது அப்படியில்லை.

இனி சாலையில். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கிற தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஆள் நின்று சொல்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே நின்று சொல்லுங்கள். தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். கல் தெறித்து முன்கண்ணாடியில் ஒரு ரூபாய் நாணயத்துக்கும் சிறியதாகக் கீறல் விழுந்தால், உடனே அதன் மேல் ஒளிபுகும் டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, ஏ.சி. காற்றை அந்த இடத்தில் நேராக அடிக்க விடாமல் கடைக்குக் கொண்டு போங்கள். பிசின் வைத்து அடைத்துவிடுவார்கள். விட்டுவைத்தால் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் குளிர் என்று மாறி மாறி அடித்து, விரிசல் கண்ணாடி முழுக்க ஓடும். கம்பி ஏற்றிய வண்டி என்றால் இன்னும் தள்ளியே இருங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி காரை மட்டுமல்ல, உள்ளே இருப்பவரையும் குத்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவில் அப்படிச் சரக்கு நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம்.

சரி, எல்லா ஜாக்கிரதையையும் மீறி இடித்துவிட்டார்கள். அப்போது என்ன செய்வது? கோபத்தில் முதல் பத்து நிமிஷத்தை வீணாக்குகிறோம். “கண்ணு தெரியலையா” என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் வேலை போட்டோ. இரண்டு வண்டியும் ஒரே படத்தில், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி. பிறகு சேதத்தைக் கிட்டத்தில். ஆள் இல்லாதபோது இடித்துவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கே எதிர்வீட்டு, கடை வாசல் கேமராக்காரரிடம் போய்ப் பதிவைச் செல்போனில் வாங்கிவிடுங்கள். கேமராப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். ‘ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்’ என்றால் அன்றைக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

நம்பர் கிடைத்துவிட்டால் உங்கள் கை ஓங்குகிறது. எம்-பரிவாகன் செயலியில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை: இடித்தவரின் மூன்றாம் நபர் காப்பீடு மனிதருக்கு மட்டுமானது அல்ல, உங்கள் காருக்கு ஆன சேதத்துக்கும் அதில் இடம் உண்டு. கார், லாரி என்றால் 7.5 லட்சம் ரூபாய்வரை, இருசக்கர வாகனம் என்றால் ஒரு லட்சம்வரை. பிரீமியம் குறைய வேண்டும் என்று 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குவதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், நடையும் நாளும் ஆகும். சின்னக் கீறலுக்கு அது கட்டாது. பெரிய சேதம் என்றால் விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்திய ஓட்டுநர், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. ஓடிப்போனது தனிக் குற்றம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். வேண்டுமென்றே சேதப்படுத்தினால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 324-ஆவது பிரிவு இருக்கிறது. சேதம் 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு வருஷம்வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து வருஷம்வரை தண்டனை. வெடியை அஜாக்கிரதையாகக் கையாண்டு ஆபத்து உண்டாக்குவதற்கு 288-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது, ஆறு மாதம்வரை. ஆனால் 324-க்குள் ஒருவரைக் கொண்டுவர, சேதம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “தெரியாம பட்டுடுச்சு சார்” என்று எல்லோரும் சொல்வது அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகிறது. வேலை தொடங்குமுன் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் வரியின் மதிப்பு இப்போது தெரியும். ‘இங்கே கார் நிற்கிறது, பொறி விழும், கலவை விழும்’ என்று தேதியோடு சொன்ன பிறகு, தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. போலீஸ்வரை போகாமல் பேசித் தீர்ப்பதாக இருந்தாலும் அந்த வரி உங்கள் பக்கம் நிற்கும்.

கடைசியாக உங்கள் சொந்த இன்சூரன்ஸ். பழைய கார் என்று மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் ராக்கெட் விழுந்து எரிந்தாலும் ஒரு பைசா வராது. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்பீடு இருந்தால் தீயும், அடுத்தவர் வன்மத்தில் செய்த சேதமும், விபத்தும் அதற்குள் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் கிளைம் போடாதீர்கள், கணக்குப் பார்த்துப் போடுங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷம் கிளைம் போடாமல் 50 சதவீதத் தள்ளுபடி வாங்கி வந்திருக்கிறீர்கள். ஒரு கிளைம் போட்டதும் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வருவதற்குள், பிரீமியம் மாறாமல் இருந்தாலே 12,500 ரூபாய் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். 6,000 ரூபாய் பம்பர் வேலைக்குக் கிளைம் போட்டால், அதில் கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் பிடிப்பார்கள். தேய்மானம் இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்குப் பெயின்ட் பொருள் செலவிலும் பாதியைக் கழிப்பார்கள். தள்ளுபடியைக் காப்பாற்றுகிற கூடுதல் காப்பு எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு.

கண்ணாடி, கதவு, தீ என்று பெரிய செலவு வந்தால் தயங்காமல் போடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், சி.எஸ்.ஆர். ரசீதையும் போட்டோக்களையும் சேர்த்து வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக் “அண்ணே, நான் இப்பவே தட்டி நிமுத்திடறேன்” என்று பாசத்தோடு சுத்தியலை எடுப்பார். சர்வேயர் வந்து பார்க்கும்வரை அவரைக் காரில் கைவைக்க விடாதீர்கள்.